பீச்சின் புளிப்பும் கண்ணாடிக் குப்பியும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரமாகப் பழத்தோட்டங்கள் வரிசையாக நீண்டு கிடக்கின்றன. ஏரி வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். அதனால் உள்நாட்டுப் பனியில் கருகிப்போகும் பீச் மரங்கள் இந்தக் கரையில் பிழைத்துக்கொள்கின்றன. உலகமெங்கும் பயிராகும் ‘ரெட்ஹேவன்’ என்ற பீச் ரகம் இங்கே சவுத் ஹேவன் ஆய்வுப் பண்ணையில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் உருவாக்கி, 1940இல் வெளியிட்டது. ஆகஸ்ட் வந்தால் மரங்கள் ஒரே மூச்சில் பழுக்கின்றன. பழுத்த பீச் சில நாள்களுக்கு மேல் தாங்காது. தொட்ட இடம் கன்றிவிடும். தோட்டக்காரர்கள் கூடைக் கணக்கில் விற்கிறார்கள். பெரிய கூடை ஒன்று ஏறத்தாழ 22 கிலோ. அவ்வளவையும் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? தீர்க்க வேண்டியதில்லை. அது பனிக்காலத்துக்கான பழம்.

பழத்தைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மூடி, வெந்நீரில் கொதிக்கவைத்துச் சேமிக்கும் ‘கேனிங்’ முறை நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நம்மிடம் உப்பு இருந்தது, வெயில் இருந்தது. மாவடுவும் வற்றலும் அப்படி வந்தவைதான். இரண்டிலும் வேலை ஒன்றே: நுண்ணுயிருக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது. ஆனால் அப்போது காய் வேறொரு பண்டமாக மாறிவிடுகிறது. கேனிங்கில் பழம் பழமாகவே இருக்கிறது. ஈரமும் இனிப்பும் மென்மையும் என, கிருமி விரும்புவதெல்லாம் குப்பிக்குள் அப்படியே இருக்க, ஒரு வருடம் ஆனாலும் கெடுவதில்லை. வேலையின் ஒவ்வொரு படியிலும் இதற்கான காரணம் ஒளிந்திருக்கிறது. அதனால் சமையலறையிலிருந்தே தொடங்குவோம்.

பீச்சைக் கொதிநீரில் முப்பது வினாடியிலிருந்து ஒரு நிமிடம்வரை முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோல் விரலோடு வழுக்கி வந்துவிடும். இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுக்க வேண்டும். வெட்டிய சதை காற்றுப் பட்டால் பழத்திலுள்ள நொதிகளால் பழுப்பேறும். அதைத் தடுக்க வைட்டமின் சி கரைத்த நீரில் போட்டுவைக்கிறார்கள். பிறகு சர்க்கரைப் பாகில் பழத்தை ஒரு கொதி விட்டு, சூடாக இருக்கும்போதே, வெட்டுமுகம் கீழே பார்க்கும்படி குப்பியில் அடுக்கி, பாகை ஊற்றுகிறார்கள். பழத்தைக் காப்பது சர்க்கரைதான் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சர்க்கரை நிறத்தையும் உருவத்தையும் சுவையையும் காக்கும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் ஊற்றினாலும் பழம் கெடாது. சற்றுக் குழைந்து, வெளிறிப்போகும். நீரிழிவு உள்ளவர்களின் வீட்டில் அப்படியே செய்கிறார்கள்.

குப்பியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மேலே அரை அங்குலம் விட வேண்டும். இடம் குறைந்தால் கொதிக்கும்போது பாகு பொங்கி, விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே ஒட்டி, மூடி பிடிக்காமல் செய்துவிடும். கூடினால் உள்ளிருக்கும் காற்று முழுதும் வெளியேறாமல் தங்கி, மேல்துண்டுகள் பழுப்பேறும். பழங்களுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழிகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் தள்ளிவிட்டு, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, மூடியை வைக்கிறார்கள்.

மூடி இரண்டு பாகம் கொண்டது. ஓரத்தில் ரப்பர் போன்ற பூச்சுள்ள ஒரு தட்டை வட்டு. அதைப் பிடித்துக்கொள்ளும் மரையுள்ள வளையம். வளையத்தை விரல்நுனி வலுவுக்குத் திருகினால் போதும். பலத்தைக் காட்டி இறுக்குபவர்களின் குப்பியில்தான் மூடி நெளிந்துபோகும், ஏனென்றால் காற்று வெளியேற வழி வேண்டும். குப்பிகள் மூழ்கி, தலைக்கு மேல் ஓரிரு அங்குலம் நீர் நிற்கும்படி பெரிய பாத்திரத்தில் வைத்து, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு நேரத்தை எண்ண வேண்டும். சூடாக அடைத்த பீச்சுக்கு, ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும் குப்பி என்றால் 25 நிமிடம். எடுத்து, சாய்க்காமல், அசைக்காமல் 12 முதல் 24 மணி நேரம் ஆறவிட வேண்டும்.

கொதிக்கும்போது உள்ளிருக்கும் காற்றும் நீராவியும் விரிந்து மூடியின் ஓரம் வழியாக வெளியே தப்புகின்றன. ஆறும்போது நீராவி நீராகிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் பாரம் வட்டைக் கீழே அமுக்க, இளகியிருந்த பூச்சு விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. வட்டு உள்வாங்கும் நொடியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சமையலறையில் குப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அப்படி ஒலிக்கும்போது வீட்டிலிருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இந்த எளிய மூடி வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. பாரிஸில் மிட்டாய்க்காரராக இருந்த நிக்கோலா அப்பேர், கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, தக்கையால் இறுக்கி, வெந்நீரில் கொதிக்கவைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் கொடுத்து முறையை வெளியிடச் சொல்ல, 1810இல் அவரது புத்தகம் வந்தது. அது ஏன் பலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காற்றை விரட்டியதுதான் காரணம் என்று அன்றைய பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். நுண்ணுயிர்களைக் கொல்வது வெப்பம் என்பது பாஸ்டரின் ஆய்வுகளுக்குப் பிறகே, அரை நூற்றாண்டு கழித்து, தெளிவானது. செய்துபார்த்துக் கண்ட ஒரு கைத்தொழில் அறிவியலுக்கு இவ்வளவு முன்னே நடந்திருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

தக்கையும் அரக்கும் வைத்து மூடுவது வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாடு. நியூயார்க்கில் தகர வேலை செய்துவந்த ஜான் லாண்டிஸ் மேசன், குப்பியின் கழுத்திலேயே மரை வைத்து, திருகுமூடி போடும் முறைக்கு 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்றார். இன்றும் அமெரிக்கர்கள் ‘மேசன் ஜாடி’ என்றே சொல்கிறார்கள். காப்புரிமைக் காலம் முடிந்ததும் பலரும் அதைச் செய்து செல்வம் சேர்த்தார்கள். மேசன் 1902இல் வறுமையில் இறந்தார். இந்தக் குப்பிகளைச் செய்து பெரிதாக வளர்ந்தவர்கள் பால் சகோதரர்கள் ஐவர். கண்ணாடி உலைக்கு இயற்கை எரிவாயு தாராளமாகக் கிடைத்ததால் 1887இல் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். மேசனின் துத்தநாக மூடி இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. தட்டை வட்டும் வளையமுமான இன்றைய மூடியை அலெக்சாண்டர் கெர்ரின் நிறுவனம் 1915இல் கொண்டுவந்தது. வட்டு குழிந்திருந்தால் ஒட்டிவிட்டது, விரலால் அமுக்கும்போது துள்ளினால் ஒட்டவில்லை. சிறுபிள்ளைகூடச் சோதித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொதிநீர் எவ்வளவு கொதித்தாலும், பழத்திடம் ஒன்று இல்லாவிட்டால் இத்தனையும் வீண். அது புளிப்பு. இந்தக் கலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

மண்ணில் எங்கும் இருக்கும் ‘குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. கஷ்டகாலம் வந்தால் அது தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி வித்தாகிவிடும். சாதாரண நுண்ணுயிர்களும் ஈஸ்ட்டும் பூஞ்சையும் கொதிநீரில் செத்துப்போகும். இந்த வித்துகள் சாகாது. பிறகு நாம் என்ன செய்கிறோம்? காற்றை வெளியேற்றி, போட்டிக் கிருமிகளையெல்லாம் கொன்று, அதற்குப் பிடித்த வீட்டையே கட்டிக் கொடுக்கிறோம். அங்கே அது முளைத்தால் சுரக்கும் நச்சு, நரம்புகளைச் செயலிழக்கவைத்து மூச்சை நிறுத்தக்கூடியது. ஆனால் பி.எச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்கும் புளிப்பில் வித்து முளைக்காது. மஞ்சள் பீச், பிளம், ஆப்பிள், செர்ரி எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. அதனால்தான் ஒரு பெரிய பாத்திரமும் அடுப்பும் மட்டும் வைத்துக்கொண்டு பழத்தைப் பாதுகாக்க முடிகிறது.

காய்கறி, பயறு, இறைச்சி எல்லாம் கோட்டுக்கு மேலே. அவற்றுக்கு 116 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அழுத்தம் கொடுத்தால்தான் நீர் அந்தச் சூட்டை எட்டும். ‘பிரஷர் கேனர்’ என்ற பெரிய குக்கர் இதற்கென்றே இருக்கிறது. காய்கறிக்கு இதுதான் பாதுகாப்பான வழி என்று அமெரிக்க வேளாண் துறை 1917இலேயே அறிவித்தது. இருந்தும் 2015இல் ஓஹியோ மாநிலத்தில் ஒரு கூட்டு விருந்தில் 29 பேர் நச்சுக்கு ஆளானார்கள்; ஒருவர் இறந்தார். உருளைக்கிழங்கை யாரோ வீட்டில் கொதிநீர் முறையில் குப்பியிலடைத்து, அதில் சாலட் செய்துவந்திருந்தார்கள். நச்சுள்ள உணவு பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கக்கூடும். இதனால்தான் இந்த விஷயத்தில் யாருடைய அனுபவத்தையும் நம்பாமல் சோதித்து வகுத்த நேர அட்டவணையை நம்ப வேண்டும் என்கிறேன்.

பழங்களுக்குள்ளும் விதிவிலக்குகள் உண்டு. வெண்சதை பீச்சில் புளிப்பு குறைவு. அதைக் குப்பியில் அடைக்க வேண்டாம் என்றே அறிவுரை. தக்காளி கோட்டை ஒட்டியே நிற்பதால், லிட்டர் குப்பிக்கு இரண்டு மேசைக்கரண்டி புட்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். புட்டிச் சாறு ஏன் என்றால் அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவு. மரத்து எலுமிச்சை அப்படி இல்லை. அத்திப்பழத்துக்கும் பப்பாளிக்கும் இதே போல் சாறு சேர்க்க வேண்டும். மாங்காய் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கிவிடும். நம் ஊர் மாம்பழத்தில் இதைச் செய்துபார்க்கும் ஆசை வருபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

நேரமும் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. கொலராடோ மாநிலத்தின் பாலிசேட் பீச்சுக்குப் பேர்போன ஊர். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மிச்சிகனில் 25 நிமிடம் வைத்த அதே குப்பியை அங்கே 35 நிமிடம் வைக்க வேண்டும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் இழுப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த அட்டவணைகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த கதையும் அழகானது. தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை 1910இல் கிராமத்துச் சிறுமிகளைச் சேர்த்துத் தக்காளிச் சங்கம் ஒன்று தொடங்கினார். தக்காளி பயிரிட்டு, அடைத்து விற்று, அவர்கள் தங்கள் கையால் காசு பார்த்தார்கள். 1914இல் வந்த ஒரு சட்டம் மாநில வேளாண் கல்லூரிகளின் அறிவை மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல ஆள்களை நியமிக்க வழி செய்தது. அப்படி நியமிக்கப்பட்ட பெண் அலுவலர்கள் ஊர் ஊராகப் போய்க் கேனிங் செய்து காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோதுகூடக் கேனிங்குக்குத் தனியாகச் சர்க்கரை ஒதுக்கினார்கள். 1943இல் மட்டும் அமெரிக்க வீடுகளிலும் பொதுக் கூடங்களிலும் 400 கோடிக் குப்பிகளுக்கு மேல் அடைத்தார்கள் என்பது கணக்கு. இன்று இந்த அட்டவணைகளை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய மையம் காத்து, திருத்தி வருகிறது.

அடைத்த குப்பிகளிலிருந்து வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் நிலவறையில் அடுக்குவார்கள். வளையம் இருந்தால் உள்ளே வட்டு விட்டுப்போனது தெரியாது. இருட்டும் குளுமையும் வேண்டும். ஒரு வருடத்துக்குள் தின்றால் சுவை நன்றாக இருக்கும். ஜனவரியில் திறக்கும்போது வட்டு இன்னும் குழிந்திருக்கிறதா, நெம்பும்போது காற்று உள்ளே இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டு உப்பியிருந்தாலோ, பாகு பீறிட்டாலோ, ருசி பார்க்கவே கூடாது; அப்படியே கொட்டிவிட வேண்டும். நல்ல குப்பியில் பழத்தோடு பாகும் வீணாகாது. அதை மாவுப் பண்டங்களில் சேர்க்கிறார்கள், குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள். திறந்த வட்டை மறுபடி அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. குப்பியும் வளையமும் கழுவி வைத்தால் அடுத்த ஆகஸ்டுக்கு ஆகும்.