சதுரங்கத் தொடக்கம்: மனப்பாடம் போதாது, காரணம் தெரிய வேண்டும்

சுங்கைப்பட்டாணி: பள்ளிச் சதுரங்கப் போட்டிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. யூடியூப் பார்த்து எட்டு நகர்வுகளை மனப்பாடம் செய்த மாணவர் முதல் நான்கை மளமளவென்று வைக்கிறார். ஐந்தாவதாக எதிராளி வேறொன்றை வைத்ததும் கை நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. "பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் இருக்கிறார், நமக்கு ஏது" என்ற பேச்சோடு பலகையை மூடிவைக்கும் தோட்டப்புறப் பிள்ளைகளும் உண்டு.

உண்மையில் அங்கே குறைந்தது பணமன்று. பாடம் படித்த முறை. ஆளுக்கு ஒரு நகர்வு வைத்தால் ஆட்டம் 400 விதங்களில் அமையலாம். ஆளுக்கு இரண்டு என்றால் 197,281 விதங்கள். இதை வாய்பாடு போல ஒப்பிக்க எவராலும் முடியாது. ஒவ்வொரு நகர்வும் எதற்காக என்று தெரிந்தவருக்குத்தான் புதிய நகர்வைக் கண்டாலும் பதில் தோன்றும்.

தொடக்க ஆட்டத்தின் நோக்கம் மூன்றுதான். முதலாவது, நடுவிலுள்ள நான்கு கட்டங்களைக் கைக்குள் வைத்திருப்பது. மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டு கட்டங்களுக்கு மட்டுமே வழி. நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு. இரண்டாவது, குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவாக வெளியே கொண்டுவருவது. மூன்றாவது, காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துவது. ராஜாவோ அந்தப் பக்கத்துக் கோட்டையோ ஒருமுறை நகர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தொடக்கநிலைப் பிள்ளைகள் பலரை வீழ்த்தும் நான்கு நகர்வு செக்மேட்டையே எடுத்துக்கொள்வோம். இருவரும் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார்கள். வெள்ளையின் ராணி உடனே பலகையின் ஓரத்துக்குப் பாய்ந்து, கறுப்பின் நடுச் சிப்பாயைக் குறிவைக்கிறது. ராணிப் பக்கக் குதிரையை வெளியே எடுத்துக் கறுப்பு அதைக் காக்கிறது. அடுத்து வெள்ளை மந்திரி வருகிறது. இப்போது ராணியும் மந்திரியும் சேர்ந்து, கறுப்பு ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாயைக் குறிவைக்கின்றன. ராஜாவைத் தவிர அதற்கு வேறு காவல் இல்லை. கவனிக்காவிட்டால் அடுத்த நகர்வில் ஆட்டம் முடிந்தது.

காரணம் தெரிந்தவர் பதற மாட்டார். ராஜா பக்கக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினால் ராணி விலகியாக வேண்டும். அது பின்வாங்கி மீண்டும் அதே சிப்பாயைக் குறிவைத்தால், அந்தக் குதிரையை முன்னே எடுத்து வழியை மறிக்கலாம். கறுப்புக்கு இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளை ராணியோ தன் சொந்தக் குதிரை வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? வெள்ளைக்கு இத்தாலியன் தொடக்கம் ஒன்று போதும். ராஜாவின் சிப்பாய், பிறகு குதிரை, பிறகு மந்திரி, அடுத்து காஸ்லிங் என்று மூன்று நோக்கங்களும் அதில் வரிசையாக நிறைவேறும். கறுப்புக்கு, எதிராளி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் நாமும் அதையே செய்யலாம். ராணியின் சிப்பாய்க்கும் அதே பதில். ஓராண்டுக்கு இவற்றை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் பயிற்சி என்றால் தொடக்கத்துக்குக் கால் மணி போதும். மீதி நேரம் புதிர்களுக்கும் இறுதி ஆட்டத்துக்கும் போகட்டும். விளையாடிய ஆட்டத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எந்த இடத்தில் தெரியாத நகர்வு வந்தது, அங்கே என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்பதே சிறந்த பாடம். லிசெஸ் செயலியில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

சென்னையின் குகேஷ் ஏழு வயதில் சதுரங்கம் கற்றவர். அவருடைய தரப்புள்ளி 2500ஐ நெருங்கும்வரை, கணினியின் விடையைப் பார்க்காமல் சொந்த மூளையால் கணக்கிடவே பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா பழக்கினார். 2024 டிசம்பர் 12இல், அண்டை நாடான சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளரானார். அந்தப் பட்டத்தை முடிவு செய்தது தொடக்க நகர்வு எதுவுமன்று. 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் டிங் லிரன் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். காய்களை மாற்றிக்கொண்டால் சிப்பாய்களைக் கொண்டே வெல்லலாம் என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார்.

கெடா தோட்டத்து வீட்டிலும் ஒரு பலகை, ஒரு நோட்டுப் புத்தகம், உடன் விளையாட அண்ணனோ தங்கையோ இருந்தால் இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். பிள்ளை தோற்றுவிட்டு வரும்போது "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்குப் பதில், "அந்த நகர்வை ஏன் வைத்தாய்?" என்று பெற்றோர் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகும் பிள்ளை பலகையை மூடிவைக்காது.