உப்புக் குகையில் எரிவாயு

வெயிற்காலத்தில் ஒருநாள் மீமிசல் உப்பளங்களைக் காணச் சென்றிருந்தோம். பாத்தியில் விளைந்த உப்பைக் கரையேற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, “வெளிநாட்டிலே உப்புக்குள்ளே எரிவாயுவை அடைத்து வைக்கிறார்களாமே, ஐயா. நம் ஊரிலும் உப்புத்தானே? நாளைக்கு இங்கேயும் வந்துவிடுமோ?” என்று கேட்டார். அக்கேள்வியில் ஆவலும் இருந்தது, அச்சமும் இருந்தது. இரண்டிற்கும் விடை கூறுவது நம் கடமையென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சேமிப்பு எதற்கு?

இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீதேன் என்னும் வாயுவாகும். நம் வீட்டுச் சிலிண்டரில் வருவது வேறு. அதை அழுத்தினால் நீர்மமாகிவிடும். மீதேனோ சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாவதில்லை. சுழிக்குக் கீழே ஏறத்தாழ 162 டிகிரி வரை குளிர்வித்தால்தான் நீர்மமாகும். 2019-ஆம் ஆண்டு முதல் எண்ணூரில் இயங்கிவரும் முனையத்திற்கு அவ்வாறு குளிர்வித்த வாயுவே கப்பலில் வருகிறது. வாயுவை வாயுவாகவே சேமிப்பதென்றால் மிகப் பெரிய இடமும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் சுவரும் வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வீடுகளுக்கு வெப்பமூட்டப் பெருமளவில் எரிவாயு செலவாகும்; கோடையில் தேவை குறையும். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, தட்டுப்பாடான காலத்தில் நாம் எடுத்துக்கொள்வதில்லையா? அதுபோலவே அவர்கள் கோடையில் வாயுவைப் பூமிக்கடியில் செலுத்தி, பனிக்காலத்தில் வெளியே எடுக்கிறார்கள்.

குகை அமையும் விதம்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்களின் உப்பு, மண்ணும் பாறையும் மேலே படிந்ததனால் பூமியின் ஆழத்தில் கெட்டியான பாறையாக அமைந்துள்ளது. நாட்டு மருந்துக் கடைகளில் நாம் வாங்கும் இந்துப்பு இவ்வகையைச் சேர்ந்ததே. இப்பாறை மிகுந்த கனத்துடன் உள்ள இடத்தில் பல நூறு மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, குழாய்க்குள் குழாயாக இறக்குகிறார்கள். ஒன்றன் வழியே நன்னீர் உள்ளே செல்லும். மற்றொன்றன் வழியே உப்புக் கரைசல் மேலே வரும். உப்பளத்தில் வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுச் செல்கிறது. இங்கோ நீர் உப்பைக் கொண்டுபோய் வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. மேற்கூரை கரையாமல் இருக்க டீசலையோ நைட்ரஜன் வாயுவையோ ஓர் அடுக்காக மேலே நிறுத்துகிறார்கள். உள்ளே மனிதர் எவரும் இறங்குவதில்லை. ஒலியலைகளை அனுப்பியே குகையின் உருவத்தை அளக்கிறார்கள்.

இதற்கு வேண்டிய நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் பாறையுப்பின் எடை சுமார் 2,160 கிலோ. ஒரு கன மீட்டர் நிறைகரைசலில் அடங்கும் உப்பு சுமார் 310 கிலோ. ஆகவே ஒரு பங்கு இடத்தை உண்டாக்க ஏழு பங்கு நீராவது தேவை. ஐந்து லட்சம் கன மீட்டர் கொண்ட ஒரு குகைக்கு 35 லட்சம் கன மீட்டர் நீர் வேண்டும். 350 ஏக்கர் பரப்புள்ள கண்மாய் ஒன்றில் எட்டடி ஆழத்திற்கு நிற்கும் நீருக்கு இது சமமாகும். அவ்வளவு நீரும் உப்புக் கரைசலாகத் திரும்பி வரும். அதை எங்கே விடுவது என்பதும் பெரிய கேள்வியே.

பாறையுப்பினூடே வாயு எளிதில் ஊடுருவாது. சிறு பிளவுகள் அழுத்தத்தால் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆயினும் ஆழத்தில் உப்பு மிக மெதுவாக நகர்ந்து குகையை நெருக்கும் இயல்புடையது. இதனால் ஒரு பகுதி வாயுவை எக்காலத்தும் எடுக்காமல் முட்டுக்கொடுப்பது போல் உள்ளேயே விட்டுவைக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்து மேரிஸ்வில்லில் 1961-ஆம் ஆண்டிலேயே உப்புக் குகையொன்றில் இயற்கை எரிவாயு சேமிக்கப்பட்டது. ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளிலும் இம்முறை பரவியுள்ளது.

நம் நாட்டில்

நம் நாட்டில் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் மொத்தம் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் நிலத்தடிக் குகைகள் உள்ளன. ஆனால் அவை கருங்கல் போன்ற கடினப் பாறையைக் குடைந்தவை; உப்பில் கரைத்தவை அல்ல. உப்புக் குகைக்கு ஏற்ற இடமாக ராஜஸ்தானத்தின் பிக்கானேர்ப் பகுதி கருதப்பட்டுள்ளது. அங்கே ஆழத்தில் பாறையுப்பு உண்டு.

மீமிசலின் நிலை வேறு. இங்கு விளையும் உப்பு வெயிலில் காய்ச்சப்படுவது. அது பாத்தியின் மேல் விரலளவு படிவதேயன்றி, பூமிக்கடியில் உள்ள உப்புப் பாறையின் அடையாளம் ஆகாது. மேலும் 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் ஆவுடையார்கோயில் வட்டாரமும் அடங்கியுள்ளது. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றைத் தேடுவதும் துளையிட்டு எடுப்பதுமான புதிய முயற்சிகளை அச்சட்டம் இங்குத் தடுக்கிறது. 2017-இல் நம் மாவட்டத்து நெடுவாசலில் விவசாயிகள் எழுப்பிய கேள்விகளை நாடறியும். பெரியவரின் அச்சத்திற்கு இவையே விடை.

மறந்துபோன துளைகள்

ஆயினும் இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்னும் ஊருக்குச் சுமார் ஏழு மைல் தொலைவில் உப்புக் குகைகளில் எரிவாயு சேமிக்கப்பட்டிருந்தது. 2001 ஜனவரியில் அங்கு ஒரு கிணற்றின் இரும்புக் குழாயில் ஏற்பட்ட பழுதின் வழியே வாயு கசிந்தது. அது மெல்லிய பாறை அடுக்கொன்றின் ஊடே ஊர் வரை சென்று, ஒரு காலத்தில் உப்பு நீர் எடுப்பதற்காகத் தோண்டிக் கைவிடப்பட்ட பழங்கிணறுகள் வழியாக மேலே வந்தது. ஜனவரி 17-ஆம் நாள் ஊரின் நடுவே கட்டடங்கள் வெடித்து எரிந்தன. மறுநாள் நேர்ந்த வெடிப்பில் இருவர் மாண்டனர். உப்புப் பாறை வாயுவைக் காத்தது. மனிதன் இட்ட துளையும், இட்டதை மறந்த மறதியுமே அபாயத்தை விளைவித்தன.

நம் கிராமங்களில் எரிவாயுக் கிணறு இல்லாதிருக்கலாம்; மறந்துபோன ஆழ்துளைக் கிணறுகள் இல்லாத கிராமம் அரிது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் அத்தகைய ஒரு துளை குழந்தை ஒன்றின் உயிரைக் கொண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலோரத்தில் மற்றொரு கேடும் உண்டு. இங்கு நன்னீரும் உப்பு நீரும் பூமிக்கடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் ஊடுருவிச் செல்லும் துளை ஒன்று சரியாக அடைக்கப்படாமல் கிடந்தால், அதன் வழியே உப்பு நீர் நன்னீர் அடுக்கில் கலக்கக்கூடும். அக்கேடு அண்டை வயலின் கிணற்றையும் எட்டும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, ஊர் எல்லைக்குள் உள்ள ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்றையும், உபயோகத்தில் இருப்பினும் இல்லாவிடினும், இடமும் ஆழமும் குறித்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது, கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்புங்கள். வாயில் ஒரு கல்லை வைத்து மூடுவது போதாது. மூன்றாவது, புதிய கிணறு தோண்டுவதற்கு முன் முறைப்படி அனுமதி பெறுங்கள். 2015-ஆம் ஆண்டின் விதிகள் அதை வற்புறுத்துகின்றன.

அப்பதிவேட்டை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். எவருடைய நிலத்தில் எந்தத் துளை விடுபட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களே நினைவிலிருந்து சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய நினைவு ஏட்டில் ஏறிவிட்டால், பின்வரும் தலைமுறைக்கு அது காவலாக நிற்கும்.