பற்சொத்தையைத் தடுக்க நல்லெண்ணெயும் வேப்பங்குச்சியும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயிகளுக்கு எள் பழக்கமான பயிர். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. 3, டி.எம்.வி. 7 முதலிய எள் இரகங்களை வெளியிட்டுள்ளது. எள்ளில் கிடைக்கும் நல்லெண்ணெய் சமையலுக்கு மட்டுமின்றிப் பற்களைக் காக்கவும் உதவும்.

சொத்தை உண்டாவது எப்படி?

பல்லைப் புழு அரிப்பதாகப் பலர் கருதுகின்றனர். அது புழுவன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் பல்லில் படியும் அழுக்கில் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரை, வெல்லம் ஆகியவற்றை இவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைத்துக் குழியாக்குகிறது. நடவு, கரும்பு வெட்டு நாட்களில் அடிக்கடி இனிப்புத் தேநீர் குடிப்பவர்களுக்கு இத்தொல்லை அதிகம் வர வாய்ப்புண்டு.

ஆய்வு முடிவு

சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வளரிளம் பருவத்தினர் 20 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியாயிற்று. நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களின் பல் அழுக்கில் இந்தப் பாக்டீரியா இரண்டு வாரங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆயினும் குளோர்ஹெக்சிடின் மருந்து இன்னும் விரைவாக வேலை செய்தது. எனவே நல்லெண்ணெயைத் துணை மருந்தாகவே கொள்ள வேண்டும்.

செய்முறை

காலையில் வெறும் வயிற்றில் இரண்டு சிறு கரண்டி நல்லெண்ணெயைப் பத்து நிமிடம் வாயில் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. பின்பு நீரால் கொப்பளித்துப் பல் துலக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இம்முறை வேண்டாம். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

சுண்டு விரல் பருமனுள்ள வேப்பங்குச்சியைக் கழுவி, நுனியை மென்று நாராக்கி, ஈறு கிழியாமல் மெதுவாகத் துலக்கலாம். கருவேலங்குச்சியின் துவர்ப்பு ஈறுக்கு நல்லது. பூச்சி மருந்து தெளித்த வயலின் வரப்பு மரங்களிலிருந்து குச்சி ஒடிக்கக் கூடாது. செங்கல் தூள், அடுப்புக்கரி ஆகியவை எனாமலைத் தேய்க்கும். புகையிலை கலந்த பற்பொடி புற்றுநோய்க்கு வழி செய்யும்.

இரவு படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவது அவசியம்.

மருத்துவரிடம் செல்ல வேண்டியது எப்போது?

விழுந்த குழியை எந்த மூலிகையும் அடைக்காது. கிராம்புத் தைலம் வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யுமே தவிர, சொத்தை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பயிரில் நோய் கண்டவுடன் கவனிப்பதுபோல், பல்லில் கரும்புள்ளி தெரிந்தவுடன் பல் மருத்துவரிடம் காட்டினால் குழியை அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். தாடை வீக்கமும் காய்ச்சலும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.