கொல்லைப்புறத்துக் கனிமரங்கள்

மரம் நடும் ஆர்வத்தில் நம் மக்கள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். 1950ஆம் ஆண்டில், மத்திய உணவு, விவசாயத் துறை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவம் என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். அது முதல் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நாடெங்கும் கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அத்தகைய விழாக்கள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு நட்ட அதே குழியில் இவ்வாண்டும் ஒரு கன்று நடப்படுவதையும் கண்டிருக்கிறேன். ஜூலையில் நட்ட கன்று மழைக்காலத்தில் தழைக்கிறது. மார்ச்சு வரையில் மாணவர் தண்ணீர் வார்க்கின்றனர். ஏப்ரல் இறுதியில் பள்ளி மூடப்படுகிறது. வெயில் கடுமையாகும் மே மாதத்தில் அதற்கு ஒரு குடம் நீர் வார்ப்பார் எவரும் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அங்கே நிற்பது காய்ந்த குச்சியே.

நம் வீட்டுக் கொல்லைக்கும் இவ்வுண்மை பொருந்தும். பழமரம் நடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது மூன்று கோடைகளின் வேலை. மூன்று கோடைகளைத் தாண்டிய மரம் பின்னர் இருபது, முப்பது ஆண்டுகள் நமக்கு உழைக்கும். இக்கருத்தை மனத்திற் கொண்டு, கொல்லைப்புறத்தில் பழமரம் வளர்க்கும் முறையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இடத்துக்கு ஏற்ற மரத்தைத் தேர்தல். நாற்றங்காலில் கையளவாக நிற்கும் மாங்கன்று பின்னாளில் எத்துணை இடத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 30 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள ஒரு கொல்லையை எடுத்துக்கொள்வோம். ஆசை மிகுந்தவர் இதில் பத்து மரங்களை நட்டுவிடுவர். ஐந்தாம் ஆண்டில் ஒன்றன் கிளை மற்றொன்றன் மேல் ஏறும்; வெயில் தரையில் விழாது; எல்லா மரங்களும் வானை நோக்கி உயருமேயன்றிக் காய்க்கமாட்டா. அந்த இடத்துக்கு ஒரு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை ஆகிய மூன்றே போதும். மாவுக்கு 25 அடி வட்டமும், மற்ற இரண்டுக்கும் 15 அடி வட்டமும் விட்டுவிட வேண்டும். அவை வளரும் வரையில் இடையிலுள்ள நிலத்தில் பப்பாளி வைக்கலாம். குளியலறை நீர் ஓடும் இடத்தில் வாழை வைக்கலாம். மாவுக்குப் பதில் சப்போட்டா விரும்புவோர் அதை வைக்கலாம். பலாவோ பெருமரம், அகன்ற தோப்பு உடையோருக்கே அது ஏற்றது. எந்த மரமாயினும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும், கிணற்றிலிருந்தும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் மாமரம் 15 அடியேனும் தள்ளி நிற்பது நல்லது.

இரண்டாவது, கன்றைத் தேர்தல். மாங்கொட்டையை ஊன்றினால் மரம் வரும். ஆனால் தாய்மரத்தின் பழமே அதிலும் வரும் என்பதற்கு உறுதியில்லை. அது காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுச் செடியோ தாய்மரத்தின் கிளையையே உடலாக உடையது. ஆகவே பழத்தின் குணம் மாறாது. மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கவும் தொடங்கும். சிறிய கொல்லைக்கு நீலமும், தசேரி, நீலம் இரண்டையும் கலந்து தில்லியில் 1970-களில் உருவாக்கப்பட்ட மல்லிகா, ஆம்ரபாலி என்னும் இரகங்களும் உகந்தவை. இவற்றுள் ஆம்ரபாலி குட்டையாக வளர்வது. ஆண்டுதோறும் காய்க்கும் இயல்பினது. கொய்யாவில் பதியன் செடியை வாங்குதல் வேண்டும். லக்னோ 49 என்னும் இரகம் நம் நாட்டில் நன்கு வருவது. சப்போட்டாவைப் பாலாச் செடியில் ஒட்டுக் கட்டுகின்றனர். எலுமிச்சை மட்டும் இதற்கு ஒரு விலக்கு. அதன் விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளிற் பெரும்பாலானவை தாயை அப்படியே ஒத்திருக்கும். ஆதலால் நல்ல மரத்தின் பழத்திலிருந்து நாமே கன்று எழுப்பிக்கொள்ளலாம்.

சில மரங்களுக்குத் துணை வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது. நெல்லி ஒன்றை மட்டும் நட்டு, பூத்தும் காய்க்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு. நெல்லிக்கு வேறோர் இரகத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே இரண்டு இரகங்களை அருகருகே வைத்தல் நலம். பப்பாளியின் பல இரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு குழிக்கு மூன்று, நான்கு கன்றுகளை வைத்து, பூத்தபின் ஆண் எது, பெண் எது என்று கண்டு வேண்டாதவற்றைக் களைய வேண்டும். ஆண் மரம் ஒன்றையேனும் விட்டு வைத்தல் வேண்டும் என்பது நினைவிலிருக்கட்டும்.

மூன்றாவது, குழியும் நடவும். மா, சப்போட்டா ஆகியவற்றுக்கு மூன்று அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழியும், கொய்யா, எலுமிச்சைக்கு இரண்டு அடிக் குழியும் வெட்டுக. குழி வெட்டும்போது மேல் மண்ணை ஒரு பக்கத்திலும் அடி மண்ணை மறு பக்கத்திலும் குவித்தல் வேண்டும். இரண்டு, மூன்று வாரங்கள் குழி வெயிலில் ஆறட்டும். பின்னர் மேல் மண்ணோடு நன்றாக மட்கிய தொழுவுரம் இரண்டு கூடையும், கரையான் அணுகாதிருக்க வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து குழியை நிரப்புக. பச்சைச் சாணத்தை இடுதல் ஆகாது. அது கரையானை அழைக்கும், வேரையும் வாட்டும். குழி நிரம்பியபின் ஒரு மழை பெய்து மண் அமர்ந்தால், அதன்பின் நடுவது சாலச் சிறந்தது.

ஆடி முதல் ஐப்பசி வரையில் நடவுக்குக் காலம். மாலை வேளையில் நடுக. பையைக் கிழித்து எடுக்கும்போது மண்கட்டி உடையாதிருக்க வேண்டும். பையின் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அச்சுருளைக் கத்தியால் வெட்டிவிடுக. அவ்வாறே விட்டால், மரம் பெரிதான பின்னும் வேர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும். பெருங்காற்றில் அத்தகைய மரமே முதலில் சாயும். ஒட்டுக்கட்டிய இடம் தரைக்கு மேல் அரை அடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். அவ்விடத்துக்குக் கீழே எழும் தளிர் நாம் விரும்பிய மரத்தின் தளிர் அன்று. அது வேர்ச்செடியின் தளிர். அதை அவ்வப்போது கிள்ளி எறியாவிட்டால், அதுவே ஓங்கி வளர்ந்து ஒட்டுக்கிளையை மடியச் செய்யும். ‘ஒட்டு மாமரம் என்று வாங்கினேன், புளித்த நாட்டுக்காய் காய்க்கிறது’ என்று குறை கூறுவோருட் பலர் இத்தளிரை வளர்த்தவர்களே.

இனி, நான் முதலிற் கூறிய மூன்று கோடைகளுக்கு வருவோம். முதற் கோடையில் கன்றின் வேர் குழியைத் தாண்டியிராது. குழி காய்ந்தால் கன்றும் காயும். மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குடம் நீர் தவறாமல் வார்க்க வேண்டும். இரண்டாம் கோடையில் வாரத்துக்கு ஒரு முறை மூன்று குடமும், மூன்றாம் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை ஐந்து, ஆறு குடமும் வார்க்கலாம். மணற்பாங்கான நிலமாயின் சற்று அடிக்கடியும், களிமண் நிலமாயின் சற்று இடைவெளி விட்டும் வார்க்க வேண்டும். நாள்தோறும் சிறிது தெளித்துவிட்டுப் போவது வேரை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். ஒரே முறையாக நிறைய வார்த்து, மண்ணைச் சற்று உலரவிட்டு, மீண்டும் வார்த்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். வேர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகின்றதோ, அவ்வளவுக்கு மரம் பின்னாளில் நம் கையை எதிர்பாராமல் நிற்கும்.

நீருக்கு முடை உள்ள வீடுகளில் ஒரு பழைய முறை பெரிதும் உதவும். மண்பானை ஒன்றின் அடியில் சிறு துளையிட்டு, அதில் துணித்திரியைச் செருகி, கன்றிலிருந்து ஒரு முழத் தொலைவில் கழுத்து வரையில் புதைத்துவிடுக. பானையை நிரப்பி மூடிவைத்தால், நீர் கசிந்து கசிந்து வேருக்குப் போய்ச் சேரும். கோடையில் ஊருக்குச் செல்வோர், பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாளுக்கு ஒரு முறை பானையை நிரப்புமாறு கேட்டுக்கொண்டால் போதும். பாத்தியின் மேல் காய்ந்த சருகையோ, வைக்கோலையோ, தேங்காய் மட்டையையோ அரை அடி உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புதல் வேண்டும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புக. இதனால் ஈரம் காக்கப்படும். சருகு மட்கி உரமும் ஆகும். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது வீடுதோறும் குழாய்கள் பொருத்தப்பட்டன. அக்குழாயின் வழிந்தோடும் நீரை ஒரு வாய்க்கால் வழியாக மரப் பாத்திகளுக்குத் திருப்பினால், நிலத்தடியில் ஈரம் நெடுநாள் தங்கும்.

முதல் மூன்று ஆண்டுகளில் நம் மனத்தை அடக்கிக்கொள்ள வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. ஒட்டு மாங்கன்று இரண்டாம் ஆண்டிலேயே பூத்துவிடும். வீட்டார் மகிழ்வர், குழந்தைகள் நாள்தோறும் சென்று பார்ப்பர். ஆயினும் மூன்று ஆண்டுகள் வரையில் அப்பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். உடல் வளர வேண்டிய வயதில் கன்று தன் உணவையெல்லாம் நான்கு காய்களுக்குக் கொடுத்துவிட்டால், பின்னர் நானூறு காய்களைத் தாங்கும் கிளைகள் அதற்கு அமையமாட்டா.

கிளைகளை அமைப்பதும் இக்காலத்திலேயே நிகழ வேண்டும். கன்று இடுப்பளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் எழும். அவற்றுள் நான்கு திசைக்கு ஒன்றாக மூன்று, நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கவாத்து செய்க. கொய்யா புதுத்தளிரிலேயே காய்ப்பது. ஆகவே அறுவடைக்குப் பின் கிளை நுனிகளை ஒரு சாண் வெட்டினால் புதுத்தளிர் பெருகிக் காய்ப்பும் பெருகும். காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் ஆண்டுதோறும் நீக்குதல் எல்லா மரங்களுக்கும் பொது. ஏணியின்றிப் பறிக்கும் உயரத்தில் மரத்தை வைத்திருப்பதே வீட்டுக்கு ஏற்றது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. தாழக் கவாத்து செய்த மரத்துக்குக் காற்றின் இடர் குறைவு.

உரமிடும்போது அதைத் தண்டின் அடியில் கொட்டுவது பயன் தராது. உணவை உறிஞ்சும் சிறு வேர்கள் கிளைநுனிக்கு நேர் கீழே, நண்பகல் நிழலின் விளிம்பில் உள்ளன. அங்கே வட்டமாக ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து உரமிட்டு மூடுக. காய்க்கும் மாமரத்துக்கு மழை ஓய்ந்தபின் பூக்கும் வரையில் நீரை நிறுத்திவைத்து, பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் மீண்டும் வார்க்க வேண்டும். இடையில் வார்த்தால் மரம் பூப்பதை விட்டுத் தளிர்க்கத் தொடங்கிவிடும்.

பூச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைக் கன்றில் பறவையின் எச்சம் போலத் தோன்றும் புழு, ஒரு வாரத்தில் கன்றை மொட்டையாக்கிவிடும். காலையில் கையாற் பொறுக்கினால் தீர்ந்தது. கொய்யாவையும் மாவையும் கெடுக்கும் பழ ஈயின் புழு, உதிர்ந்த பழத்தினின்று மண்ணுக்குள் இறங்கி ஈயாகி மீள்வது; ஆதலின் உதிர்ந்தவற்றை அன்றன்றே திரட்டி ஆழப் புதைத்தல் வேண்டும். கண்டவுடன் நச்சு மருந்தைத் தெளிப்பது அறிவுடைமை ஆகாது. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாடெங்கும் பரவிப் பெருந்தீங்கு விளைத்தது. மருந்துக்கு அடங்காத அப்பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு சிறு குளவியே. நச்சு மருந்து தீய பூச்சியோடு இத்தகைய நண்பர்களையும் கொன்றுவிடும். வேப்பெண்ணெயைச் சவர்க்காரக் கரைசலில் கலந்து தெளிப்பதே வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் போதுமானது.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த மரத்தின் பயன் என்ன? கடையில் வாங்கும் மாம்பழம் எங்ஙனம் பழுத்தது என்பதை நாம் அறியோம். கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும் அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. நம் மரத்துக் காயைக் காம்போடு பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்கவைத்தால் அக்கவலை இல்லை. எளிய கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, ஆரஞ்சில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பள்ளி விட்டு வரும் குழந்தை பொட்டலத் தின்பண்டத்துக்குக் கை நீட்டாமல் கொல்லைக்கு ஓடிக் கொய்யா பறித்துத் தின்னுமாயின், அதுவே பெற்றோருக்குப் பெரும்பேறு.

ஆகவே அன்பர்களே, ஒரே நாளில் பத்துக் கன்றுகளை வாங்கிவிடாதீர்கள். இவ்வாண்டு ஒன்றே ஒன்று நடுங்கள். ஒரு குறிப்பேட்டில் நட்ட நாள், இரகத்தின் பெயர், நீர் வார்த்த நாட்கள், முதற்பூ கண்ட நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். அவ்வேட்டை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படைத்தால் இன்னும் நன்று. அதில் மூன்று கோடைகளின் கணக்கும் இடையறாது நிரம்பிய பின்னர், இரண்டாம் குழியை வெட்டத் தொடங்குங்கள்.