தங்கச் சுரங்கம் கற்றுத்தரும் பாடம்

ஊரிகம் ரெயில் நிலையத்தில் அதிகாலையிலேயே கூட்டம் நெரியும். எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

அங்கே "டேட்டா சென்டர்"கள் இருக்கின்றன. கம்பெனிகளின் கணக்குகளைக் காக்கும் கம்ப்யூட்டர்கள் அவற்றில் இரவு பகலாக ஓடுகின்றன. அவை கக்கும் சூட்டைத் தணிக்கவும் மின்சாரம் வேண்டும்.

மொத்த மின்சாரத்தை, கம்ப்யூட்டர்கள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 1-ஐ நெருங்கினால் சிக்கனம். 2 என்றால், பாதி மின்சாரம் குளிரூட்டல் போன்றவற்றுக்கே போகிறது!

தங்கவயலுக்கு இது புதிதல்ல

சிவசமுத்திரத்தில் இருந்து சுமார் 147 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-ம் ஆண்டிலேயே இங்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறை கொதிக்கும். தொழிலாளி மூச்சுவிட, குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினார்கள்.

காவலும் அப்படித்தான். சுரங்க வாசலில் ஆளைச் சோதித்தார்கள். டேட்டா சென்டர் வாசலில் கைரேகையைப் பார்க்கிறார்கள்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் ஊரில் நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

டேட்டா சென்டரிலும் பழைய பாட்டரியும் ஓய்ந்த எந்திரங்களும் மிஞ்சும். குளிரூட்டத் தண்ணீரும் செலவாகும். தொடங்கும்போதே அதற்கும் கணக்குப் போட வேண்டும். தங்கவயலில் அந்தக் கணக்கைப் போடாததன் பலனை, தொழிலாளி குடும்பங்கள் இன்றும் அனுபவிக்கின்றன.