எனக்கு பீர் பிடிக்காதுன்னு நினைச்சேன்

ராஜபாளையத்துல இருந்தவரைக்கும் எனக்கு பீர்னாலே ஆகாது. பசங்க வாங்குறது எப்பவும் ஸ்ட்ராங் லாகர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னா எந்தக் கடை, எவ்வளவு சுண்டக் காய்ச்சினதுன்னு சண்டை போடுற நாங்க, பீருக்குக் கேக்குறது ரெண்டே கேள்வி: கூலிங் இருக்கா, எத்தனை பர்சென்ட்? ரொம்ப ஜில்லுனு இருந்தா நாக்குக்குச் சுவையே சரியா தெரியாது, அது வேற.

பெங்களூருக்கு வேலைக்குப் போய் முதல் தடவை ஜெர்மன் பாணி கோதுமை பீர் குடிச்சா, வாழைப்பழ வாசனை! எசென்ஸ் ஊத்திட்டாங்கன்னு நினைச்சேன். இல்ல, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. லாகர் ஈஸ்ட் 10 டிகிரி பக்கம், குளிர்ல மெதுவா நொதிக்கும். அதனால வாசனை கம்மி, சுவை சுத்தமா இருக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம் வேணும்; அது பழ வாசனை தர்ற எஸ்டர்களை நிறைய உருவாக்கும். கோதுமை பீர்ல அந்த வாழைப்பழம் ஐசோஅமைல் அசிட்டேட். கூடவே லேசா கிராம்பு வாசனையும் வரும், அதுவும் ஈஸ்ட் கொடுக்குறதுதான். ஸ்டவுட்ல காபி மாதிரி கசக்குறது கருக வறுத்த பார்லி. ஐபிஏல ஹாப்ஸ் தூக்கலா இருக்கும். எனக்கு இன்னும் செட் ஆகல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் பசங்ககிட்ட விளக்கினேன்.

"எத்தனை பர்சென்ட் மாப்ள?"

"அஞ்சு."

"அப்போ ஜூஸுன்னு சொல்லு."