உடல் ஆக்காத கொழுப்பு

கொழுப்பு என்னும் சொல் உலக வழக்கில் செருக்கையும் குறிக்கும். அச்சொல் அடைந்த இழிவு அத்தகையது. முன்னாளில் உணவு நூலாரும் அதனைப் பெரிதாக மதித்தாரல்லர். அடுப்பிற்கு விறகு போல உடலுக்கு வெப்பம் தருவதே அதன் தொழில் என்றும், வேண்டும் கொழுப்பை உடல் சர்க்கரையிலிருந்தே ஆக்கிக்கொள்ளும் என்றும் கருதினர்.

இக்கருத்தை மாற்றியவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிகழ்த்திய ஜார்ஜ் பர் என்பவரும் அவர்தம் மனைவியார் மில்ட்ரெட் பர்ரும் ஆவர். அவ்விருவரும் எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவை அளித்தனர். சர்க்கரை, புரதம், உப்பு, வைட்டமின் ஆகியவற்றில் குறை வைத்திலர். ஆயினும், சில திங்களில் எலிகளின் வளர்ச்சி நின்றது, தோல் செதில் செதிலாயிற்று, வால் புண்பட்டது, சிறுநீரகம் கெட்டது. பல எலிகள் மாண்டன. இச்செய்தி 1929-இல் வெளிவந்தது. லினோலியிக் அமிலத்தைச் சிறிதளவு ஊட்டியதும் நோயுற்ற எலிகள் தேறின என்பதை அடுத்த ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். நிறைவுற்ற கொழுப்பமிலங்களோ பயன் தரவில்லை.

நிறைவு என்பது யாது? கொழுப்பமிலம் கரியணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. அவ்வணுக்கள் ஏற்கவல்ல அளவு நீரக அணுக்களை ஏற்றிருப்பின் அது நிறைவுற்றது. சில இடங்களில் நீரகம் குறைந்து, அங்கே இரட்டைப் பிணைப்பு அமைந்திருப்பின் நிறைவுறாதது. அத்தகைய பிணைப்புகள் பல உடையதைப் பன்னிறைவுறாக் கொழுப்பு எனலாம். சங்கிலியின் வால் முனையருகே இப்பிணைப்பை அமைக்கும் ஆற்றல் மாந்தர் உடலுக்கு இல்லை. ஆகவே, லினோலியிக் அமிலம், ஆல்பா லினோலெனிக் அமிலம் என்னும் இரண்டும் உணவின் வழியே வருதல் வேண்டும். முன்னது நம் நல்லெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு உண்டு. பின்னது அதில் மிகச் சிறிதே. ஆளிவிதையில் பின்னது மிகுதி.

ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகுமோ? ஈடாகாது என்பதை ஒரு சிறுமியின் துன்பம் காட்டிற்று. துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலின் பெரும்பகுதியை இழந்த ஆறு வயதுப் பெண் அவள். வாயால் உண்டு உயிர்வாழ இயலாமையால், குருதிக்குழாய் வழியே அவளுக்கு உணவு செலுத்தினர். அதில் சேர்த்த கொழுப்பு குசும்பா எண்ணெய். அவ்வெண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதி. மற்றையது இல்லையென்றே சொல்லலாம். ஐந்து திங்கள் கழிந்தன. கைகால் மரத்தன, கால்கள் நொந்தன, நடை நின்றது, பார்வையும் மங்கிற்று. ஆல்பா லினோலெனிக் அமிலம் உடைய சோயா எண்ணெய்க்கு மாற்றிய பின்னர் அத்துன்பங்கள் நீங்கின. இதனை 1982-இல் ஆராய்ந்து எழுதியவருள் ஒருவர் ரால்ப் ஹோல்மன். அவர் ஜார்ஜ் பர்ரின் மாணாக்கர் என்பது எனக்கு உவகை தரும் செய்தி.

அவ்வமிலத்திலிருந்து உடல் சிறிதளவு ஆக்கும் நெடுஞ்சங்கிலிக் கொழுப்பு ஒன்று மூளையிலும் விழித்திரையிலும் செறிந்துள்ளது. மத்தி போன்ற மீன்களில் அது நேரே கிடைக்கும்.

நெய், வெண்ணெய் முதலியவற்றின் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அவ்விடத்தில் பன்னிறைவுறாக் கொழுப்பை உண்டால் குருதியில் தீய கொலஸ்டிரால் குறைகிறது. ஆயினும், மீன் எண்ணெய் மாத்திரையை எல்லாரும் விழுங்கினால் நெஞ்சுநோய் அகலும் என்று கூறுதல் மிகை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நிகழ்த்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாத்திரையால் மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுநோய்ச் சாவு ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.